கார்த்திகையில் கடல் பார்க்க வருகிற மகளுக்கு

மயிலாடுதுறை
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள சுமதிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவுக்கு மழை தொடங்கியதிலிருந்து முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. கேட்டால் இல்லை என்பாள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அப்பு நலமா? மாப்பிள்ளை நலமா?

நீ அனுப்பிய செய்தியை இரண்டு பேரும் படித்தோம். கார்த்திகையில் வருகிறாய், சில நாள் இருப்பாய், நம் பக்கத்துக் கடற்கரையில் பார்க்க வேண்டிய இடங்களை எழுதி வைக்க வேண்டும், ‘எனக்கும் அப்புவுக்கும்’. அவ்வளவுதான் இருந்தது. போனில் கேட்கலாம் என்றால், “நன்றாக இருக்கிறோம் அப்பா, பிறகு பேசுகிறேன்” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்தை நீ துண்டிக்க முடியாது.

இடம் சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நாகப்பட்டினம் சிதம்பரம் தடத்தில் தோளில் பையோடு நின்றே தலை நரைத்தவன். ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை, கடலோரம் பார்க்க வருகிற மாதம் இல்லை. உனக்குத் தெரியாததா? நாகப்பட்டினம் துறைமுகத்தில் எந்த நேரமும் புயல் கூண்டு ஏறும். கஜா வந்தது 2018 நவம்பர் 16. அதுவும் கார்த்திகை பிறக்கிற சமயம்தான். கடல் கலங்கிச் செம்மண் நிறத்தில் இருக்கும். படகை நிறுத்திவிடுவார்கள். தை பிறந்த பிறகு வந்தால் வானம் வெளுத்திருக்கும், பறவையெல்லாம் வந்து இறங்கியிருக்கும், அப்புவுக்கும் அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்கும். கார்த்திகையில் அவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்குமே? சரி, வா. வர வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை, திரும்பப் படித்துப் பார்.

வடக்கிலிருந்து தொடங்குகிறேன். மகாபலிபுரம், புதுச்சேரி எல்லாம் நீ பார்த்தவை. அப்புவுக்கு வேண்டுமானால் இன்னொரு தடவை பார்க்கலாம். முதலில் பிச்சாவரம் போ. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகக் கிழக்கே 15 கிலோமீட்டர் போல இருக்கும். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் தண்ணீருக்குள்ளேயே நிற்கிற காடு. சுரபுன்னை மரங்கள் வேரைக் கிளை கிளையாகத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு நிற்கும். வெண்கண்டல் மரமோ மூச்சு விடுவதற்கென்று வேரைச் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டியிருக்கும். அப்புவுக்கு அதைக் காட்டு, கேள்வி கேட்டே உன்னைக் கொன்றுவிடுவான். மோட்டார் படகில் ஏறாதே. அது அகலமான கால்வாயில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். துடுப்புப் படகுதான் குறுகலான வாய்க்காலுக்குள், கிளைகளுக்கு அடியில் குனிந்து போகும். தில்லை மரமும் அங்கே உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வாங்கிக் கொடுத்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்பார்கள். அப்பு இலையைப் பிய்க்காமல் பார்த்துக்கொள். படகில் அவனை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், பையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நீ ஒருத்தி எப்படிச் சமாளிப்பாய் என்று அம்மா கேட்கிறாள். மாப்பிள்ளைக்கு நான்கு நாள் லீவு கிடைக்காதா என்றும் கேட்கிறாள். அம்மாதான் கேட்கிறாள்.

அடுத்தது பூம்புகார். சீர்காழியிலிருந்து பஸ் இருக்கிறது. அத்தை வீட்டில் தலையைக் காட்டாமல் போகாதே, பிறகு நான்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். திருச்சியில் அத்தனை அகலமாக வந்த காவிரி, இங்கே கடலில் சேருகிற இடத்தில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறாள். பார்த்தால் மனம் சங்கடப்படும், ஆனாலும் பார்க்க வேண்டும். சோழர் துறைமுகத்தில் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது என்கிறார்கள். 1973இல் எழுப்பிய ஏழு நிலைக் கலைக்கூடம் இருக்கிறது. உள்ளே கண்ணகி கதை முழுவதையும் கல்லில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அப்புவுக்கு முழுக் கதையும் இந்த வயதில் வேண்டாம். கோவலன் திரும்பி வந்துவிட்டான், கண்ணகி ஒரு வார்த்தை குறை சொல்லாமல் கால் சிலம்பைக் கழற்றிக் கொடுத்தாள் என்பதோடு நிறுத்திக்கொள். எப்படி இருந்தாலும் அவன் திரும்பித்தான் வந்தான். இதை எழுதும்போது பக்கத்தில் இருந்த அம்மா, “வந்து என்ன ஆயிற்று?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் பேச்சை விடு. அங்கே கடலில் மட்டும் இறங்காதீர்கள். ஓரத்திலேயே ஆழம், கார்த்திகையில் அலை கல்லில் ஏறி அடிக்கும். அப்புவின் கையை விடாதே.

தரங்கம்பாடியைப் பற்றி நிறைய எழுதப் போகிறேன். எனக்குப் பிடித்த ஊர். வேலையில் இருந்தவரை அந்த ஊரின் வளைவைப் பஸ் படியில் நின்று பார்த்ததோடு சரி. இரண்டு நிமிடம் நின்று, விசில் கொடுத்து, புறப்பட்டுவிடுவோம். ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு நாள் சீட்டு வாங்கிக்கொண்டு போய் இறங்கி உள்ளே நடந்தேன். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடலைப் பார்த்தபடி நிற்கிறது. நாயக்கர் அவர்களுடைய ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் கடிதம் எழுதி அனுப்பினார். அது இன்னும் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் கடிதத்துக்கு இருந்த மதிப்பைப் பார்த்தாயா? நான் போன தீபாவளிக்கு எழுதியதற்கு நீ இன்னும் பதில் போடவில்லை.

நகர வாசலைத் தாண்டினால் ராஜ வீதி. தெருவில் சத்தமே இருக்காது. சீகன்பால்கு 1706இல் இங்கே கப்பலை விட்டு இறங்கினார். ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞர். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். அச்சு இயந்திரம் வரவழைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். 1718இல் புது எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார், அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார். அங்கேதான் அடக்கம். அப்புவுக்குத் தமிழ் எழுத வரவில்லை என்று நீ சொன்னபோதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். அவன் இங்கே கொஞ்ச காலம் இருந்தால் தானாக வந்துவிடும். கொஞ்ச காலம் என்றால் நீ வருகிற அந்தச் சில நாளைத்தான் சொல்கிறேன்.

கடற்கரை ஓரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. பாண்டியர் காலத்துக் கோயில், மாறவர்மன் குலசேகரன் கட்டியது. முன் பகுதியைக் கடல் தின்றுவிட்டது, மிச்சத்தைக் கல் கொட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கோட்டைக்கு வெள்ளிக்கிழமை போகாதே. நாங்கள் போய் பூட்டியிருந்த கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மதில் ஓரத்து அலையில் கால் நனைக்கலாம் என்று அப்பு அடம் பிடிப்பான். விடாதே. முன்பே எழுதினேன், மறுபடியும் எழுதுகிறேன்.

அங்கிருந்து பக்கம்தான் திருக்கடையூர். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அறுபதாம் கல்யாணத்தில் கலச நீரை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஊற்றினீர்கள். நீ அவசரப்பட்டு என் கண்ணிலேயே ஊற்றினாய், மாப்பிள்ளை துண்டை எடுத்துக் கொடுத்தார். அந்தப் படம் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. போன மாதம் கண்ணாடி மாற்றினேன். இப்போதும் காலையில் போனால் ஒரே நேரத்தில் எத்தனையோ ஜோடிகள், வயதான பெண்கள் மறுபடி மாலை போட்டுக்கொண்டு வெட்கப்படுவார்கள். அபிராமியைக் கும்பிட்டுவிட்டு வா. என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

காரைக்கால். அம்மையார் கோயில் உண்டு. மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியில்தான், கார்த்திகையில் ஒன்றும் இல்லை. அந்தக் கதையும் வேண்டாம். காரைக்காலை விட்டுவிடு. கடற்கரை மட்டும் நன்றாக இருக்கும், சாயங்காலம் உட்காரலாம்.

எந்த ஊரை எழுத உட்கார்ந்தாலும் பேச்சு எங்கோ போய் நின்றுவிடுகிறது. கடற்கரை முழுக்க இப்படியா கதை வைத்திருப்பார்கள்?

நாகூர் தர்காவுக்குப் போ, மறக்காதே. நீ பிறந்த வருடம் அம்மா நேர்ந்துகொண்டது இருக்கிறது, அதை நான் சொல்ல மாட்டேன், அவளிடமே கேள். பெரிய மினாராவைத் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தார். வாசல் கடையில் வாடா வாங்கிக் கொடு, இறால் வைத்தது. அப்புவுக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா பார்த்துக்கொள். வேளாங்கண்ணி அங்கிருந்து கொஞ்ச தூரம். திருவிழா ஆகஸ்டு கடைசியில் கொடி ஏறி செப்டம்பர் 8இல் முடிந்துவிடும் என்பதால் கார்த்திகையில் கூட்டம் குறைவாக இருக்கும். அது ஒன்றுதான் நீ வருகிற மாதத்தில் லாபம்.

வேதாரண்யம் தாண்டி அகஸ்தியம்பள்ளியில் இறங்கி உப்புச் சத்தியாகிரக நினைவிடத்தைப் பார். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்தார். அவர்களுக்குச் சோறு போட்டால், இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன் அறிவித்துவிட்டார். நம் சனங்கள் சோற்றுப் பொட்டலத்தைச் சாலை ஓரத்து மரக்கிளையில் கட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல வீட்டுக்குள் போய்விட்டார்கள். கேட்காமல், கேட்கவைக்காமல் சோறு போடத் தெரிந்த ஊர்.

அந்தச் சாலையில்தான் கஜா அடித்த வாரம் மாப்பிள்ளை மெழுகுவர்த்தியும் ரொட்டியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, விழுந்த மரங்களை வெட்டி வெட்டி விலக்கி, சித்தப்பா வீடு வரை போய்ச் சேர்ந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. நான் அதை இன்னும் எல்லோரிடமும் சொல்கிறேன். நீயும் சாதாரணமானவள் இல்லை. வேலை வாங்கியது, புனேயில் தனியாகப் போய் வீடு பார்த்தது, அப்பு பிறந்தபோது மூன்றாம் நாளே எழுந்து நடந்தது, எல்லாவற்றையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். ஆனால் எல்லாவற்றையும் தனியாகவே செய்ய வேண்டும் என்று யார் உனக்குச் சொன்னார்கள்? சொல்லாமல் வைத்துக்கொள்வதும் ஒரு பழக்கமாகிவிடும். உன் அம்மாவைப் பார்.

கடைசியாகக் கோடியக்கரை. 1967இல் சரணாலயமாக அறிவித்த காடு. சாயங்காலம் புல்வெளி ஓரம் காத்திருந்தால் வெளிமான் கூட்டம் வரும். கறுப்பாக, முறுக்கிய கொம்போடு இருப்பது ஆண். கொம்பில்லாமல் பழுப்பாக இருப்பது பெண். யாரும் வளர்க்காத குதிரைகளும் திரியும். சதுப்பில் பூநாரைகள் வந்து இறங்கத் தொடங்கியிருக்கும், கூட்டமாக வேண்டுமென்றால் தை மாசிதான். ராமர் பாதம் மேட்டில் ஏறினால் காடு முழுவதும் தெரியும். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் ஒன்று இருந்தது, 2004 சுனாமியில் போய்விட்டது. உன்னைச் சின்ன வயதில் அதன் அடியில் நிறுத்திப் படம் எடுத்தோம், மூக்கு ஒழுக நிற்பாய். வழியெல்லாம் சேறு. புயல் எச்சரிக்கை இருந்தால் அந்தப் பக்கமே போகாதே, தை வரைக்கும் காத்திரு.

தை வரைக்கும் இருக்க முடியாதே, சில நாள்தானே என்று சொல்வாய். மாடி அறை காலியாக இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டாயாமே. காலியாகத்தான் இருக்கிறது. மின்விசிறி மாற்றியாயிற்று, சுவரில் ஈரம் கசிந்த இடத்துக்குப் பூச்சு வேலை நடக்கிறது. குளியலறைக் கதவுத் தாழ்ப்பாளும் சரி செய்கிறார்கள். நம் தெரு முனைப் பள்ளியில் வருட நடுவிலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்களாம். நான் போய் விசாரிக்கவில்லை. பால் வாங்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் காதில் விழுந்தது.

எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று எழுது. எவ்வளவு மழையாக இருந்தாலும் ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு. சேற்றில் போடுகிற ரப்பர் செருப்பு இங்கே கடைவீதியில் மலிவு. உன் அளவு தெரியும். அப்புவின் கால் அளவை எழுது. மாப்பிள்ளைக்கும் ஒரு ஜோடி வாங்கி வைக்கட்டுமா, வேண்டாமா என்பதையும் எழுது.