ஆண்டறிக்கை 2024–25: ஒரே விண்ணப்பத்தை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

படிப்பகம், ரத்ததான முகாம், மரக்கன்று நடுதல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மருத்துவம் சார்ந்த படிப்புக்குப் போக விரும்பும் மாணவர்களுக்கு நாம் செய்துவரும் வழிகாட்டல் பற்றியே நான் அதிகம் பேசப்போகிறேன். நம் உழைப்பு பெரும்பாலும் அங்கேதான் போனது. பெரிய தவறும் அங்கேதான் நேர்ந்தது.

தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 4 அன்று நீட் முடிவு வந்தது. கருணை மதிப்பெண், வழக்கு, சிலருக்கு மறுதேர்வு என்று இழுத்துக்கொண்டே போய், திருத்திய முடிவு ஜூலை 26 அன்றுதான் வெளியானது. நம்மிடம் வந்துகொண்டிருந்த ஒரு மாணவி, எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நாமும் பொறுத்திருக்கச் சொன்னோம். பி.எஸ்சி. நர்சிங், ரேடியாலஜி போன்ற படிப்புகளுக்கு நீட் தேவையில்லை, ப்ளஸ் டூ மதிப்பெண்ணே போதும். அவள் வாங்கியிருந்த மதிப்பெண் நல்ல மதிப்பெண். ஆனால் நாம் சுதாரிப்பதற்குள் அவற்றுக்கு விண்ணப்பிக்கும் தேதி முடிந்துவிட்டது. ஒரு வருடம் அவளுக்கு வீணானது. அவளுடைய அப்பா நம்மை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதை என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் ஜூலை 30 அன்று புதிய ஏற்பாட்டைத் தொடங்கினோம். அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள். 1886-இல் நம் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவர் காலத்தில் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. 2017 முதல் நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் உள்ளே என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. முதல் நாள் வந்த 23 பேரிடம் என்ன ஆக வேண்டும் என்று கேட்டோம். 21 பேர் டாக்டர் என்றார்கள், இருவர் நர்ஸ் என்றார்கள். அவர்கள் பார்த்தது டாக்டரையும் நர்ஸையும் மட்டும்தானே!

ஆகவே மாதம் ஒருவரை அழைத்தோம். மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன் என ஒவ்வொருவராக வந்து தங்கள் ஒருநாள் வேலையைச் சொன்னார்கள். டயாலிசிஸ் டெக்னீஷியன் வந்த நாள் மறக்க முடியாதது. ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புவதை அவர் படம் போட்டு விளக்கினார். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "வெளியே போன ரத்தம் குளிர்ந்துடாதா சார்?" என்றான். அதற்காகத்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் திரவத்தை உடல் சூட்டுக்குச் சூடாக்கி அனுப்புகிறோம் என்றார் அவர். பையன் அன்று மாலை வரை அவரை விடவில்லை. ஆடு மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் சொன்னோம்: கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கும் ப்ளஸ் டூ மதிப்பெண்தான்.

அப்புறம் சான்றிதழ். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒரு மாணவன் ஏழாம் வகுப்பை மட்டும் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்திருந்தான். அந்த ஒரு வருடத்தால் அவனுக்கு ஒதுக்கீடு இல்லாமல் போனது. பன்னிரண்டாம் வகுப்பில் போய் இதைச் சொல்லி என்ன பயன்? இனி ஐந்தாம் வகுப்புப் பெற்றோரிடமே இதைச் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறோம்.

நீட் தேர்வு முறையும் நடுவில் மாறியது. 200 கேள்வியில் 180-க்கு விடை எழுதினால் போதும் என்றிருந்தது. 2025 ஜனவரியில் அந்தத் தெரிவை எடுத்துவிட்டார்கள், நேரமும் 200 நிமிடத்திலிருந்து 180 ஆனது. நம் பயிற்சித் தாள்களை எல்லாம் மாற்றினோம். மே 4 அன்று இயற்பியல் மிகக் கடினமாக இருந்தது. பல பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். நம் வழிகாட்டிகள் வாசலிலேயே நின்றிருந்தார்கள். எத்தனை மார்க் வரும் என்று ஒருவரும் கேட்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம், கேட்கவும் இல்லை. சாப்பாடு வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள்.

இரவுப் பணி முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், சனிக்கிழமை வகுப்புக்கு நேராக வந்த செவிலியர் சகோதரிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பிள்ளைகள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு வாய்ப்பை இழந்த அந்த மாணவி இந்த ஆண்டு நர்சிங்குக்கு விண்ணப்பித்துவிட்டாள். இப்போது நம் உதவி மேசையில் உட்கார்ந்து மற்றவர்களின் படிவங்களைச் சரிபார்க்கிறாள்.

நமக்கு உடனே தேவை இரண்டு: இயற்பியல் சொல்லித்தர ஒருவர், பிரிண்டர் ஒன்று. முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை உதவி மேசைக்கு வரும் பெற்றோர் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளின் சான்று மூன்றையும் அசலாகவே எடுத்து வாருங்கள்.

செயலாளர்