குளக்கரை முகாமுக்கு நன்கொடை கேட்கிறோம்: காசு எதற்கு என்று முழுசாகச் சொல்லிவிடுகிறோம்

ஊர்க்காரர்களுக்கும், வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம்ம பள்ளியின் பழைய மாணவர்களுக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பு நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் 50 பேர் இந்தக் காலாண்டு விடுமுறையில் நம்ம ஊர்க் குளக்கரையில் ஏழு நாள் சிறப்பு முகாம் போடப்போகிறார்கள். அதற்கும், அதன் பிறகு ஒரு வருடம் நடக்கவிருக்கிற வேலைக்கும் சேர்த்து 1,40,000 ரூபாய் தேவை. பெற்றோர் ஆசிரியர் கழகம், பழைய மாணவர்கள், குளத்துப் பாசனக்காரர்கள் என்று மூன்று தரப்பும் சேர்ந்த குழுவாக இதைக் கேட்கிறோம்.

டீக்கடையில் ஏற்கெனவே பேச்சு வந்துவிட்டது: பிள்ளைகள் மண்வெட்டியோடு வரிசையாக நின்று போட்டோ எடுப்பதற்கு இவ்வளவு காசா என்று. நியாயமான கேள்விதான். குளத்தில் கிடக்கிற ஆகாயத்தாமரையை ஒரு வாரம் வாரிக் கரையில் போட்டுவிட்டு வந்தால் அடுத்த மாதமே பழையபடி மூடிவிடும். சூடும் சத்தும் கிடைத்தால் அது இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகிற செடி, அதன் விதை சேற்றுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். வயலில் போடுகிற உரமும் வீட்டுக் கழிவுநீரும் குளத்துக்கு வருகிற வரைக்கும் அதற்குத் தீனி தட்டாது. அப்போ வாருவது மட்டும் வேலை இல்லை, தீனி எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பதும் வேலைதான், சொல்லப்போனால் அதுதான் பெரிய வேலை.

முகாமில் அதைத்தான் பிள்ளைகள் செய்யப்போகிறார்கள். சானல் தண்ணீர் வந்து விழுகிற இடம், தெருச் சாக்கடை கலக்கிற இடம், வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடை, குளம் நிறைந்தால் வழிகிற மறுகால் என்று நாலு இடத்தில் தண்ணீர் எடுத்து, செடிக்குத் தீனியாகிற நைட்ரேட், பாஸ்பேட், கரைந்திருக்கிற ஆக்சிஜன், அமிலத்தன்மை எல்லாம் பார்ப்பார்கள். வேதியியல் ஆய்வகத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்கிற அதே பரிசோதனை, இங்கே ஊர்த் தண்ணீரில். தாவரவியல் படிக்கிறவர்கள் செடிகளைக் கணக்கெடுப்பார்கள், வணிகவியல் பிள்ளைகள் பாசனக்காரர்களிடம் உட்கார்ந்து கன்னிப்பூ, கும்பப்பூ என்கிற இரண்டு நெல் சாகுபடிக்கும் எவ்வளவு உரம் வாங்குகிறார்கள், கடைமடைக்குத் தண்ணீர் எட்டுகிறதா என்று கேட்டு எழுதுவார்கள். அப்புறம் அக்டோபர் 2 கிராம சபையில் அவர்களே எழுந்து வாசிப்பார்கள். ஒவ்வொரு மாதமும் அதே நாலு இடத்தில் மறுபடி அளந்து, மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில், என்ன மாறியது, எது மாறவே இல்லை என்று சொல்வார்கள். பஞ்சாயத்துக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்பது கணக்கு. அந்த மணி நேரத்தைச் செடி பிடுங்கியும் சுவர் துடைத்தும் நிரப்பிவிடலாம்தான். ஆனால் பிள்ளைகள் ஊருக்குக் கிடைத்த சம்பளமில்லாத ஆட்கள் இல்லை. செய்கிற வேலையில் அவர்களுக்குப் படிப்பு இருக்கணும் என்பதில் எங்கள் குழு பிடிவாதமாக இருக்கிறது.

சரி, காசுக் கணக்கு. பெரிய செலவு சாப்பாடு: ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய் வீதம் 52,500. அரசின் முகாம் தொகை வந்தால் இதில் கழித்துவிடுவோம். அடுத்தது கையுறையும் முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸும், 25,000. இதில் மட்டும் பேரம் கிடையாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாகப் போனாலே எலிக்காய்ச்சல் வரலாம், வெறுங்காலோடு ஒரு பிள்ளையையும் சேற்றில் இறக்க மாட்டோம். ஆழத்தில் பிள்ளைகள் யாரும் இறங்கப் போவதில்லை, அங்கே வள்ளத்தில் (சின்னப் படகில்) போய்ச் செடி இழுப்பது நீச்சல் தெரிந்த பெரியவர்கள்தான். வள்ளம் வாடகை 10,500. தண்ணீர் பரிசோதனைப் பெட்டி இரண்டுக்கு 12,000, மண்வெட்டி, கூடை, கொக்கிக் கம்பு, கயிறு இதற்கெல்லாம் 15,000, முதலுதவிக்கு 5,000. மிச்சம் 20,000 வருடம் முழுக்க மாதா மாதம் அளப்பதற்கான ரசாயனத்துக்கும் போக்குவரத்துக்கும். முகாமுக்குக் கொடுக்க எல்லோருக்கும் மனசு வரும், இந்தக் கடைசி இருபதாயிரத்துக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம். அது இல்லையென்றால் மீதி எல்லாமே ஒரு வாரக் கூத்துதான்.

தூர் வாருவதும் ஆக்கிரமிப்பு எடுப்பதும் எங்கள் வேலை இல்லை, அது அரசுத் துறை செய்ய வேண்டியது. அதற்கு இந்தக் காசிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாது. வாரிய செடியைச் சாணியோடு அடுக்கி உரமாக்கிப் பாசனக்காரர்களுக்கே கொடுத்துவிடுவோம். கரையில் பனங்கொட்டையும் நடுகிறோம். அதில் அக்கானி (பதநீர்) இறக்கிக் குடிக்க இன்னும் பதினைந்து வருடமாவது ஆகும், ஆனாலும் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ள பனை போல வேறு மரம் ஏது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலில் ஏறின. நம்ம குளத்துக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டாம், கும்பப்பூவுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் பாய்ந்தால் போதும்.

காசாகத்தான் தரணும் என்றில்லை. அரிசி, தேங்காய், மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) எது தந்தாலும் சாப்பாட்டுக் கணக்கில் குறைத்துக்கொள்வோம். கடற்கரைப் பக்கத்துப் பழைய மாணவர்கள் இரண்டு நாள் மீன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கிழங்குக்கு மீன்கறி உறுதியாகிவிட்டது. லைஃப் ஜாக்கெட் இருப்பவர்கள் ஒரு வாரம் இரவல் தந்தால் பெரிய உதவி. பனங்கொட்டை சாக்கில் கட்டிப் பள்ளி வாசலில் வைத்தாலும் போதும். ஒரே ஒரு நிபந்தனை: கொடுத்தவர் பெயரைப் பிள்ளைகளின் சட்டையிலோ குளக்கரை பேனரிலோ போட மாட்டோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளி அலுவலகத்தில் வேலை நாட்களில் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கூகுள் பே விவரம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது, அனுப்பிய கையோடு அங்கேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், இல்லையென்றால் யார் போட்டது என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும். செப்டம்பர் 15-க்குள் கையில் இருந்தால்தான் பூட்ஸ் அளவு எடுத்து வாங்க முடியும். வரவு செலவு முழுவதும் அக்டோபர் 2 கிராம சபையில் பில்லோடு வைக்கிறோம், மிச்சம் இருந்தால் அடுத்த வருடப் பிள்ளைகளின் கணக்கில் சேரும்.