சிமென்ட் ஆலைக்கு உண்டு, விதைக்கு இல்லையா?

மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை தன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை விரிவாக்க நினைத்தால் என்னென்ன நடக்கும் என்பது எங்களுக்கு அத்துப்படி. 30 நாள் முன்னதாகத் தமிழ் நாளிதழில் அறிவிப்பு வரும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் சுருக்கம் தமிழில் கலெக்டர் ஆபீசில் இருக்கும். மண்டபம் பிடித்துக் கூட்டம் போடுவார்கள். கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை தாங்குவார். முழுவதையும் வீடியோ எடுப்பார்கள், பேசியதைத் தொகுத்து அங்கேயே தமிழில் வாசிப்பார்கள். கூச்சல் குழப்பத்துக்குக் குறைவிருக்காது. வேன் வைத்துக் கூட்டிவந்த ஆட்களும் இருப்பார்கள். ஆனாலும் சம்சாரி கைக்கு ஒரு மைக் வந்து சேர்கிறது. இதையெல்லாம் கட்டாயமாக்கியது உங்கள் அமைச்சகத்தின் 2006 அறிவிக்கை. அது பிறந்தது 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து.

உங்கள் குழுவும் அதே சட்டத்தின் பிள்ளைதான். மரபணு மாற்றப் பயிர்களைப் பரிசீலித்து அனுமதிக்கும் அதிகாரத்தை 1989 விதிகள்தான் உங்களுக்குத் தந்தன. அந்த விதிகளைப் புரட்டினால் மக்களிடம் கருத்துக் கேட்பது என்றொரு படியே இல்லை. ஒரு தாலுகாவுக்குள் நிற்கும் சுரங்கத்துக்கு ஊரைக் கூட்டும் அமைச்சகம், நாடு முழுவதும் முளைக்கப்போகும் விதைக்கு யாரையும் கூட்ட வேண்டியதில்லை என்று எப்படி முடிவு செய்தது?

மரபணு மாற்றப் பயிர் வேண்டுமா வேண்டாமா என்று வாதாட நான் இதை எழுதவில்லை. எங்கள் ஊர் டீக்கடையிலேயே அதில் இரண்டு கட்சி உண்டு. முடிவெடுக்கும் முன் எங்களைக் கேட்கும் கடமை உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. இருக்கிறது என்று இந்தியா 2001-இல் கையெழுத்துப் போட்டு, 2003-லேயே ஒப்புதலும் கொடுத்துவிட்டது. கார்ட்டஹேனா உயிரிப் பாதுகாப்பு நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் 23-ஆம் பிரிவு, மக்களுக்கு விவரம் சொல்ல வேண்டும், முடிவெடுக்கையில் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும், எடுத்த முடிவை அவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது. வணிக ரகசியம் என்று சொல்லித் தப்பிக்கவும் ஓரளவுக்கு மேல் முடியாது. இடர் மதிப்பீட்டின் சுருக்கத்தை ரகசியமாக வைக்கக் கூடாது என்று 21-ஆம் பிரிவு தனியாகவே சொல்லிவைத்திருக்கிறது.

ஒரே ஒரு முறை ஊரைக் கேட்டார்கள். 2009 அக்டோபரில், புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணு ஏற்றிய பிடி கத்தரிக்கு உங்கள் குழு பச்சைக்கொடி காட்டியது. அப்போது அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் உடனே கையெழுத்துப் போடாமல், 2010 ஜனவரி, பிப்ரவரியில் ஏழு நகரங்களில் கூட்டம் நடத்திவிட்டு, பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். அவர் முடிவை ஏற்காதவர்களும், அங்கே எல்லாத் தரப்பும் பேசியதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஏழு ஊர்ப் பட்டியலைப் பாருங்கள்: கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஐதராபாத், பெங்களூரு. பிடி மரபணு ஏற்றப்பட்ட ரகங்களில் கோ 2, எம்டியு 1, கேகேஎம் 1, பிஎல்ஆர் 1 ஆகியவை கோவை வேளாண் பல்கலைக்கழகத்துடையவை. கோவை, மதுரை, கிள்ளிகுளம், பாலூர் என்று எங்கள் ஊர்களின் பெயரைத் தாங்கிய கத்தரிக்காய்கள். எங்கள் மாநிலத்தில் ஒரு கூட்டம்கூடக் கிடையாது.

அதுவும் அந்த அமைச்சரின் விருப்பத்தால் நடந்தது, விதியால் அல்ல. அதனால்தான் 2016-இல் கடுகின் முறை வந்தபோது எல்லாம் சுருங்கிப்போனது. டிஎம்எச்-11 என்ற மரபணு மாற்றக் கடுகு பற்றிய மதிப்பீட்டுச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் இணையத்தில் போட்டு 30 நாள் கொடுத்தீர்கள். முழு ஆவணத்தைப் பார்க்க விரும்பினால் முன்அனுமதி வாங்கிக்கொண்டு டெல்லி அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றீர்கள். கடுகு தாளிக்காத சமையலறை எங்கள் பக்கம் இல்லை. ஆனால் தாளிப்பவர்களில் எத்தனை பேர் டெல்லிக்கு ரயில் ஏறுவார்கள்?

மக்களுக்குச் சொல்லாமல் விட்டால் கெடுவது மக்கள் மட்டுமில்லை, உங்கள் ஒழுங்குமுறையும்தான். அதற்குப் பருத்தியே சாட்சி. 2002-இல் அனுமதி கொடுத்தபோது, பிடி செடியைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியும் நட வேண்டும் என்று நிபந்தனை வைத்தீர்கள். 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராம் சின்னப் பாக்கெட் ஒன்றும் வந்தது அதற்காகத்தான். சாதாரணச் செடியில் வளரும் அந்துப்பூச்சி, பிடியைத் தாங்கிப் பிழைத்த பூச்சியோடு இணைசேர்ந்தால் எதிர்ப்புச் சக்தி பரவுவது தாமதமாகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரம்பலூர்ப் பக்கம் அந்தச் சின்னப் பாக்கெட்டைப் முளைக்காமல் போன பாடுவாசி இடங்களை நிரப்பப் போட்டவர்களை எனக்குத் தெரியும், வரப்பில் வீசிவிட்டு வந்தவர்களையும் தெரியும். அது எதற்கு என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. புழு தின்னட்டும் என்று தன் நிலத்தில் ஐந்து வரிசையை விடச் சொன்னால், காரணம் தெரியாமல் எந்த விவசாயி கேட்பார்? பின்னாளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிடிக்கு அசராமல் நின்றது, மருந்தடிப்பு திரும்பி வந்தது. பிறகு இரண்டு விதையையும் ஒரே பையில் கலந்து தரும் முறை வந்தது. விளக்கிச் சொல்வதைவிடக் கலந்துவிடுவது சுலபம் போலும்.

இப்போது நெல். 2022 மார்ச்சில் உங்கள் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டு, வேற்று மரபணு சேராத மரபணுத் திருத்தப் பயிர்களை 1989 விதிகளில் 7 முதல் 11 வரையிலானவற்றிலிருந்து விலக்கிவிட்டது. அதாவது அவை உங்கள் மேசைக்கே வராது. 2025 மே 4 அன்று வெளியிட்ட கமலா என்கிற 'டிஆர்ஆர் தான் 100' நெல் ரகம், சம்பா மசூரியில் திருத்தம் செய்தது. நாங்கள் ஆந்திரா பொன்னி என்று வாங்கிச் சாப்பிடும் பிபிடி 5204-தான் அந்தச் சம்பா மசூரி. பரிந்துரைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. கதிரில் மணி கூடும், சுமார் 20 நாள் முன்னதாக விளையும் என்கிறார்கள். கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருப்பவனுக்கு 20 நாள் பெரிய விஷயம், அதை நான் மட்டமாகப் பேசவில்லை. எது திருத்தப்பட்டது, எதைச் சோதித்தார்கள், என்ன வந்தது என்று நான்கு பக்கம் தமிழில் கொடுத்திருந்தால் பாதிச் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும். கொடுக்காத இடத்தை வாட்ஸ்அப் நிரப்புகிறது.

2024 ஜூலையில், கடுகுக்கு நீங்கள் தந்த அனுமதியை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் தீர்ப்பில் பிரிந்தார்கள். ஆனால் மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்து தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அந்தக் கொள்கையில் உங்கள் கை இருக்கும் என்பதால் கேட்கிறேன். 2006 அறிவிக்கையில் உள்ள கருத்துக்கேட்பு முறையை அப்படியே எடுத்து 1989 விதிகளில் சேருங்கள். மரபணுத் திருத்தப் பயிரும் அதற்குள் வரட்டும். வந்த ஆட்சேபங்களில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள் என்று எழுதி வெளியிடுங்கள். மொழிபெயர்க்க நேரமில்லை என்று சொல்லாதீர்கள். 2020-இல் சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கையை எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் 10 நாளில் தரச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம்.

கூட்டம் எங்கள் பக்கம் வைப்பதானால் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ வையுங்கள், சென்னையில் ஸ்டார் ஓட்டல் வேண்டாம். தை மாசியில் சம்பா அறுவடையில் இருப்போம், கோடையில் தேதி கொடுங்கள்.

இப்படிக்கு,
காவிரி டெல்டாவிலிருந்து ஒரு நெல் விவசாயி