ஞாயிறு உரையாடலுக்கு முன் ஒரு குறிப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்த ஞாயிறு நாம் பேசப்போவது அமெரிக்க உள்நாட்டுப் போரின் முன்னாள் வீரர் சங்கத்தின் தொடக்க காலம். வருமுன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

போர் முடிந்த மறு வருடம், 1866 ஏப்ரல் 6 அன்று, இல்லினாய் மாநிலத்தின் டெக்கேட்டர் ஊரில் முதல் கிளை தொடங்கியது. தொடங்கியவர் பெஞ்சமின் ஸ்டீபன்சன், படையில் மருத்துவராக இருந்தவர். 'கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்' என்று பெயர். வடக்குத் தரப்பில் போரிட்டு, நற்பெயரோடு படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களே சேரலாம். ஊர்க் கிளையை 'போஸ்ட்' என்றார்கள்.

என்னை மிகவும் தொட்டது அந்தக் கிளைகள் செய்த வேலைதான். கூட இருந்து போரிட்டவனின் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் உதவினார்கள். இறந்த தோழர்களின் கல்லறைகளில் 1868 மே 30 அன்று பூ வைக்கும்படி சங்கத் தலைவர் ஜான் லோகன் ஆணையிட்டார். அமெரிக்காவின் இன்றைய நினைவு தினம் ('மெமோரியல் டே') அதிலிருந்து வளர்ந்தது. பல கிளைகளில் கறுப்பின வீரர்களும் வெள்ளையரும் ஒன்றாக இருந்தார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமல்ல. இதற்கு நேரம் ஒதுக்கிப் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

1870களில் உறுப்பினர் எண்ணிக்கை சரிந்தது. பிறகு ஓய்வூதியக் கோரிக்கையோடு மீண்டெழுந்து, 1890 வாக்கில் 4 லட்சத்தைத் தாண்டியது. ஸ்டீபன்சன் அதைப் பார்க்கவில்லை, 1871-லேயே இறந்துவிட்டார்.

கேள்விகள் இருந்தால் சனிக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள்.