சிவப்பு மையோடு வந்தவர்களுக்கு நன்றி

நியாயமான வரி கேட்கும் பிரச்சாரத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, துண்டறிக்கையைத் திருத்தித் தந்த ஓய்வுபெற்ற வரி அலுவலர்களுக்கும் கணக்காளர்களுக்கும். "பணக்காரர்கள் வரியே கட்டுவதில்லை" என்ற வாக்கியத்தை அடித்தவர்கள் நீங்கள்தான். எதிர்த்தரப்பு ஒரே ஒரு ரசீதை நீட்டினால் போதும், அந்த வாக்கியத்தோடு மற்றதெல்லாம் சரிந்துவிடும். பதிலுக்கு ஒரு கணக்கு தந்தீர்கள். மாதம் 20,000 வருமானம் உள்ள குடும்பம் அத்தனையையும் செலவழிக்கிறது. செலவில் 10 சதவீதம் மறைமுக வரியாக, அதாவது பொருளின் விலையோடு சேர்த்து வாங்கும் வரியாகப் போனால் 2,000. வருமானத்திலும் அது 10 சதவீதமே. மாதம் 10 லட்சம் வருகிறவர் 2 லட்சம் செலவழித்தால் கட்டுவது 20,000. வருமானத்தில் வெறும் 2 சதவீதம். தொகையில் பத்து மடங்கு, விகிதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்குத் தனி நன்றி.

வீடுவீடாகப் போனவர்களே, சம்பளம் கொஞ்சம் கூடினால் மேல் வரி அடுக்கில் விழுந்து கைக்கு வருவது குறைந்துவிடும் என்ற பயத்தைத் தண்ணீரும் டம்ளர்களும் வைத்துத் தீர்த்தீர்கள். முதல் டம்ளர் நிறைந்த பிறகு வழிவதற்குத்தான் அடுத்த விகிதம். 5 லட்சம் வரை வரியில்லை, அதற்கு மேல் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 5,10,000 வாங்குபவர் கட்டுவது 2,000, 1,02,000 அல்ல. ஆனால் ஒரு வரம்பைத் தாண்டியதும் சலுகையோ உதவித்தொகையோ மொத்தமாக நின்றுபோகும் இடங்களில் அந்தப் பயம் நியாயமானது. அதையும் மறைக்காமல் சொன்னீர்கள்.

சட்டம் படித்த நண்பர்கள் இல்லையென்றால் எங்கள் கோரிக்கைகளில் ஒன்று ஓட்டைப் பானையாகவே போயிருக்கும். வெளிநாட்டு நிறுவனங்களின் பின்னால் ஒளிந்திருந்த உரிமையாளர்களைக் காட்டிக்கொடுத்த பனாமா ஆவணங்கள் 2016-இல் வெளியான பிறகு, நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் பட்டியல் வேண்டும் என்று கேட்பது எளிதாகிவிட்டது. வரம்பு எங்கே என்பதில்தான் சூட்சுமம். 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் பெயரை மட்டும் பதிந்தால் போதும் என்றால், ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் ஆளுக்கு 20 சதவீதம் பிரித்துக்கொள்வார்கள். பங்குக் கணக்கில் ஒரு பெயரும் சிக்காது. வரம்பைக் குறைக்கவும், உறவினர் பங்குகளைச் சேர்த்து எண்ணவும், கட்டுப்பாடு யார் கையில் என்று தனியாகக் கேட்கவும் வாசகம் எழுதித் தந்தீர்கள்.

2021 அக்டோபரில் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்ட, நிறுவன லாபத்தின் மீதான 15 சதவீதக் குறைந்தபட்ச வரியைப் பற்றி மிகைப்படுத்தாமல் எழுதிய மொழிபெயர்ப்பாளர்களுக்கும் நன்றி. அது ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவை எட்டும் பன்னாட்டுக் குழுமங்களுக்கு மட்டுமே; அதற்குக் கீழே உள்ளவற்றை அது தொடாது.

செவிலியர்களும் ஆசிரியர்களும் கற்றுத்தந்தது வேறு. ஒரு துறைக்கென்றே வரி வசூலித்தாலும், அதே அளவுக்கு வழக்கமான ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டால் மருத்துவமனை வார்டில் ஒரு கட்டில்கூட அதிகமாகாது. அதனால் ஒதுக்கிய தொகை, உண்மையில் செலவான தொகை, முந்தைய ஆண்டுத் தொகை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட வைத்தீர்கள்.

சுவரொட்டி ஒட்டப் பசை வாளி சுமந்தவர்களை மறக்கவில்லை. அடுத்த அறிக்கையில் நில வரிப் பகுதி இன்னும் அரைகுறைதான்: மதிப்பீடு பழையதாக இருந்தால் விகிதத்தை உயர்த்தியும் பயனில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. சிவப்பு மையோடு மறுபடியும் வாருங்கள்.

அன்புடன்,
பிரச்சாரக் குழுவினர்