சனிக்கிழமை மாலைகளுக்குத் துணைநின்றவர்களுக்கு

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடையே உள்ள மாடி அறையொன்றில், உயர்தரப் பௌதிகவியலிலும் பொறிமுறைக் கணக்குகளிலும் தடுமாறும் பிள்ளைகளுக்காக 2019 முதல் நாங்கள் இலவசமாக நடத்திவந்த சனிக்கிழமை அமர்வுகளை இம்மாதத்துடன் இளையோர் பொறுப்பேற்கின்றனர். அறைச் சாவியைக் கையளிப்பதற்கு முன், இதுவரை நேரில் முறையாகச் சொல்லாத நன்றியை எழுத்தில் சொல்லிவிட விரும்புகிறேன்.

முதல் நன்றி, துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பராமரித்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஐயா அவர்களுக்கு உரியது. யாருக்கும் விடையைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, பிள்ளை எதுவரை முயன்றது என்பதைத் தாளில் காட்டிய பிறகே வாய் திறக்க வேண்டும் என்ற விதியை வகுத்தவர் அவரே. தொடக்கத்தில் அது கடுமையாகவே பட்டது. மறுநாள் பரீட்சை என்று அழுதுகொண்டு வந்த பிள்ளையிடமும் “முதலில் விசைகளைக் குறியுங்கள், பிறகு பேசுவோம்” என்று அவர் சொன்னபோது, எனக்கே கோபம் வந்ததுண்டு. ஆனால் படத்தில் விசைகளைச் சரியாகக் குறித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் தங்கள் பிழையைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவதைப் பார்த்த பின்னர், நான் வாதிடுவதை நிறுத்திக்கொண்டேன்.

பஞ்சிகாவத்தையில் கராஜ் நடத்தும் பாஸ் அவர்களுக்கு நான் பட்ட கடன் வேறு வகையானது. உராய்வு என்றாலே உராய்வுக் குணகத்தைச் செவ்வன் மறுதாக்கத்தால், அதாவது பரப்பு செங்குத்தாகத் திருப்பித் தள்ளும் விசையால், பெருக்கிவிடுவது எங்கள் பிள்ளைகளின் தீராத வழக்கம். அது எல்லை உராய்வு, அதாவது வழுக்குவதற்கு முன் பரப்பு தரக்கூடிய உச்ச உராய்வு மட்டுமே என்று கரும்பலகையில் நான் பல வாரங்கள் எழுதியும் பயனில்லை. ஒருநாள் எட்டுப் பேரை அவருடைய கராஜுக்கு அழைத்துச் சென்றேன். காரை ஜாக்கில் தூக்குவதற்கு முன்பே சில்லு நட்டுகளைத் தளர்த்துவது ஏன் என்று, பாதி சிங்களமும் பாதித் தமிழுமாக அவர் கேட்டார். தூக்கிய பிறகு நட்டைத் திருப்பினால் முன்சில்லும் சேர்ந்து சுழல்வதைச் செய்தும் காட்டினார். 0.4 மீற்றர் நீளமான கைபிடியின் முனையில் 300 நியூற்றன் விசை கொடுத்தால் 120 நியூற்றன் மீற்றர் திருப்பம் கிடைக்கும், 0.3 மீற்றர் ஆரையுள்ள சில்லை அசையாமல் வைத்திருக்கத் தரை அண்ணளவாக 400 நியூற்றன் உராய்வைத் தந்தால் போதும். அந்தச் சில்லின் மீது 2500 நியூற்றன் பாரம் இருந்து, உராய்வுக் குணகம் 0.7 ஆனால், எல்லை 1750 நியூற்றன். அந்த இடைவெளியைத் தரையில் குந்தியிருந்தபடியே கணித்த மாணவி ஒருத்தி, “அப்ப தரை கேட்ட அளவுக்குத்தான் குடுக்குது” என்றாள். என் பல வாரப் பாடத்தை அரை மணி நேரத்தில் முடித்துத் தந்த பாஸ், தேநீருக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்ற தம்பி ஒருவருக்குச் சற்று வெட்கத்துடனேயே நன்றி சொல்கிறேன். 2 கிலோகிராம் திணிவுள்ள சீரான வட்டத்தட்டுக் கப்பியின் இருபுறமும் 3 கிலோகிராமும் 2 கிலோகிராமும் தொங்கும் கணக்கில், கப்பியின் சடத்துவத் திருப்பத்தை, அதாவது சுழலவைப்பதற்கு அது காட்டும் எதிர்ப்பை, மறந்து, இழையின் இருபுற இழுவைகளும் சமம் என்று நான் எழுதிவிட்டேன். பிள்ளைகள் அனைவரும் பிரதி எடுத்தும் விட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் திருத்தாமல், அமர்வு முடிந்தபின் படியில் வைத்து, ஆர்முடுகல் ஈர்ப்பு ஆர்முடுகலின் ஐந்தில் ஒன்றல்ல, ஆறில் ஒன்று என்றும், இழுவைகள் 24 நியூற்றன் வீதம் அல்ல, 25 உம் 23.3 உம் என்றும் அவர் மெதுவாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அந்தப் பிழையை நானே பலகையில் எழுதித் திருத்தினேன். இவ்வாறு இரண்டு முறை செய்யப்பட்ட கணக்கே பிள்ளைகளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டபோது, வெட்டி ஒதுக்கிய காகிதத் துண்டுகளைக் கட்டுக்கட்டாகத் தந்த கொட்டாஞ்சேனை அச்சக உரிமையாளருக்கும், நீண்ட மின்வெட்டு இரவுகளில் கீழ்த்தளக் கடையிலிருந்து விளக்கை மேலே கொடுத்தனுப்பிய அக்காவுக்கும் எங்கள் நன்றி. அந்த ஒடுங்கிய துண்டுகளில் நீண்ட சாய்தளத்தை வரைய இடம் போதாது. ஆகையால் அவ்வாண்டு மாணவர்களின் சாய்தளங்கள் எல்லாம் ஏறக்குறைய நிலைக்குத்தாகவே நிற்கும்.

வாடகையைப் பல மாதங்கள் கேட்காமலிருந்த வீட்டுக்கார ஐயாவுக்கு இங்கே நீளமாக எழுதினால் அவர் கூச்சப்படுவார், அவருக்குத் தெரியும்.

பாஸுக்கு மட்டும் இன்னொரு செய்தி உண்டு. நீங்கள் ஒரு வாரத்துக்கென இரவல் தந்த, மெல்லிய தடிப்புகளை அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சி இரண்டு ஆண்டுகளாக எங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது. அதன் பூச்சிய வழு, அதாவது எதையும் அளக்காதபோதே அது காட்டும் அளவு, 0.02 மில்லிமீற்றர் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்து, ஒவ்வொரு வாசிப்பிலும் கழித்தே பயன்படுத்தினார்கள். வரும் திங்கட்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன்.