கால்வாய் தாண்டி வரும் இடிமழை

ஈஸ்ட்போர்ன், இங்கிலாந்து
ஜூலை, ஞாயிறு மதியம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள், மதினி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலம்தானே. அம்மாவுக்கு அனுப்பிய முழங்கால் பட்டை சரியாக இருக்கிறதா, இறுக்குகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். இறுக்கினால் அளவு மாற்றி அனுப்புகிறேன்.

போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அங்கே வெயில் கொளுத்துகிறதாமே, டிவியில் காட்டினார்கள். இனி மழை எப்போது, எந்த ஊருக்கு என்றுகூட அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாமே, நிஜமா?" நான் வேலைக்குக் கிளம்பும் நேரம், விவரமாகப் பேச முடியவில்லை. மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தே விதைக்கிறவர் கேட்ட கேள்வி அது. ஒரு வரியில் பதில் சொல்லவும் முடியாது. கோடை இடிமழை எங்கே கிளம்புகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதில் எனக்கு இங்கே வந்த பிறகு பெரிய ஈடுபாடு வந்துவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வெயிலைச் சொல்லிவிடுகிறேன். நம் கோவில்பட்டியில் 38 டிகிரி என்றால் யாரும் அதை ஒரு பேச்சாக எடுக்க மாட்டார்கள். இங்கே 30 தாண்டினாலே வயதானவர்கள் துவண்டுவிடுகிறார்கள். வீடுகள் எல்லாம் குளிரைத் தாங்கக் கட்டியவை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சுவருக்குள் பஞ்சு அடைப்பு. ஏசி உள்ள வீடு அபூர்வம், மின்விசிறி மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. பகலில் உள்ளே புகுந்த சூடு ராத்திரி முழுக்க அங்கேயே கிடக்கிறது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 டிகிரி பதிவானது. இந்த நாட்டில் 40-ஐத் தொட்டதே அன்றுதான் முதல் தடவை. லண்டன் ஓரத்தில் வென்னிங்டன் என்ற ஊரில் காய்ந்த புல்லில் பற்றிய தீ வீடுகளையே எரித்துவிட்டது.

இந்த மாதிரி வெயில் பெரும்பாலும் உள்ளூர்ச் சரக்கு இல்லை. ஸ்பெயின் நாட்டின் நடுவில் பெரிய மேட்டுநிலம் இருக்கிறது. கோடையில் அது காய்ந்து, அதன் மேலுள்ள காற்றும் காய்ந்து சூடாகிவிடுகிறது. மேற்கே அட்லாண்டிக்கில் ஒரு தாழ்வுப் பகுதி வந்து நின்றால், அந்தச் சூடான காற்று வடக்கே இழுபட்டு பிரான்ஸ் வழியாக இங்கிலாந்து வரைக்கும் வருகிறது. இதை ஸ்பானிஷ் ப்ளூம் என்கிறார்கள்.

அது தரையோடு தரையாக வருவதில்லை என்பதுதான் விஷயம். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வந்து, கீழே இருக்கிற ஈரக்காற்றின் மேல் இட்லிக் கொப்பரை மூடி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. அடியில் புழுக்கம் ஏறிக்கொண்டே போகும். மேகம் தலை தூக்கப் பார்க்கும், மூடியில் முட்டி அமுங்கிவிடும். நாள் முழுக்க ஒரு துளிகூட விழாது. மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று மேலடுக்கில் வந்து சேர்ந்தாலோ, வெயில் போதுமான அளவு ஏறினாலோ, மூடி ஓரிடத்தில் திறந்துகொள்ளும். அடைபட்டிருந்ததெல்லாம் அந்த ஓட்டை வழியாகக் கிளம்பும். ஒரு மணி நேரத்துக்குள் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் எழுந்துவிடும். நம் ஊர் ரேடியோவில் "வெப்பச்சலனம் காரணமாக" என்று சொல்வார்களே, அடிப்படை அதேதான். இங்கே மூடி கெட்டியாக இருப்பதால் காத்திருப்பும் நீளம், வெடிப்பும் பெரிது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹெர்ஸ்ட்மான்சூ என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து மெட் ஆபீஸ், அதாவது இந்த நாட்டு வானிலைத் துறை, கருவி கட்டிய பலூனை மேலே அனுப்புகிறது. வெப்பமும் ஈரமும் உயரத்துக்கு உயரம் எப்படி மாறுகின்றன என்று அது கோடு கோடாகக் காட்டும். வெப்பக் கோடு மேலே போகும்போது குளிர்ந்துகொண்டே போகாமல் ஓரிடத்தில் வலது பக்கம் முட்டிக்கொண்டு வளையும். அதுதான் மூடி. பெரியவர் அந்த வளைவில் விரலை வைத்து, "இது தேய்ந்தால் இன்றைக்குக் கச்சேரி" என்பார்.

அப்புறம் வானம். இடி வரும் நாளில் விடியற்காலையிலேயே ஓர் அடையாளம் தெரியும். நடு உயரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மேகங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் கோட்டைச் சுவர்ப் பல் மாதிரி குட்டிக் கோபுரங்கள். காஸ்டெலானஸ் என்று பேர். மேலே காற்று நிலைகொள்ளாமல் இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டால் பெரியவர் தோட்டத்து நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுவார். மேகங்களுக்கு இந்த லத்தீன் பேர்களை முதலில் வகுத்துத் தந்தவர் ஒரு மருந்துக்காரர், தெரியுமா? லண்டனில் மருந்து தயாரித்து விற்ற லூக் ஹோவர்ட், 1802-ல். டோட்டன்ஹாமில் அவர் வாழ்ந்த வீட்டில், மேகங்களுக்குப் பேர் வைத்தவர் என்று நீலப் பலகை பதித்திருக்கிறார்கள். நானும் மருந்துக்கடையில் நிற்கிறவள் என்பதால் அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

போன வியாழக்கிழமை ராத்திரியைச் சொல்கிறேன். பகலெல்லாம் 33 டிகிரி, காற்றே இல்லை. சாயங்காலம் மழை எங்கே பெய்கிறது என்று காட்டும் ரேடார் படத்தைத் திறந்தால் பிரான்ஸின் வடக்கே நார்மண்டி பக்கம் சிவப்புப் புள்ளிகள். ரேடார் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் தருகிறது. நீலம் என்றால் தூறல், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறி, வெள்ளை வந்தால் கொட்டுகிறது அல்லது ஆலங்கட்டி விழுகிறது. படங்களை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர். நடுவில் ஆங்கிலக் கால்வாய் நூறு கிலோமீட்டர். அப்படியானால் இரண்டு மணி நேரம்.

ஆனால் கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை. கால்வாய்த் தண்ணீர் குளிர்ச்சி. நிலத்தின் சூட்டைக் குடித்து வளர்கிற மேகம் தண்ணீர் மேல் வந்ததும் பசியில் செத்துவிடும். எத்தனையோ மாலைகளில் கண் முன்னால் அப்படி நடுக்கடலில் கரைந்து போயிருக்கிறது. அந்தச் சூடான மூடிக்கு மேலே உள்ள அடுக்கிலேயே வேர் பிடித்த இடிமேகத்துக்கோ தரை சூடாக இருந்தால் என்ன, கடல் குளிர்ந்தால் என்ன, ஒன்றுமில்லை. அது நடுராத்திரியிலும் வரும். வருகிற மேகம் எந்த வகை என்பதுதான் அந்த இரண்டு மணி நேரத்தின் கேள்வி.

பெரியவரும் அவர் மனைவியும் நானும் காரைக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்து நிறுத்தினோம். இங்கே மணல் கிடையாது, உருண்டைக் கூழாங்கல் கரை. இன்னும் நிறையக் கார்கள், நிறையப் பேர். முதலில் சத்தமே இல்லை. அடிவானத்துக்குக் கீழே யாரோ விளக்கைப் போட்டு அணைத்த மாதிரி வெளிச்சம் மட்டும். பெரியவர் பழைய ராபர்ட்ஸ் ரேடியோ ஒன்றை மடியில் வைத்து, மீடியம் வேவில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினார். வெறும் இரைச்சல். அடிவானம் ஒளிரும் ஒவ்வொரு முறையும் அந்த இரைச்சலுக்குள் "சடசட" என்று ஓர் ஒலி. கண்ணுக்கு மின்னல் தெரிகிற அதே நொடியில் ரேடியோவிலும். இடிச் சத்தம் வரவே இல்லை, அவ்வளவு தூரம்.

மின்னல் ரேடியோ அலையையும் கிளப்புகிறது என்பதை வைத்துத்தான் மின்னல் வரைபடமும் இயங்குகிறது. பிளிட்ஸோர்ட்டுங் என்று ஒரு கூட்டமைப்பு. பல நாடுகளில் ஆர்வலர்கள் தங்கள் வீட்டிலேயே சின்னக் கருவியை வைத்து இந்த அலைகளைப் பிடிக்கிறார்கள். ஒரே மின்னலின் அலை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துளி நேர வித்தியாசத்தில் போய்ச் சேரும். அந்த வித்தியாசத்தை வைத்து மின்னல் எங்கே அடித்தது என்று கணக்கிட்டு, சில நொடிகளில் படத்தில் புள்ளி வைத்துவிடுகிறார்கள். புள்ளியிலிருந்து ஒரு வட்டம் மெதுவாக விரியும். அதுதான் இடிச்சத்தம் பரவுகிற வேகம், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். வட்டத்தின் விளிம்பு நாம் நிற்கிற இடத்தைத் தொடும்போது காதைத் தீட்டிக்கொண்டால், நிஜமாகவே அந்த இடி வந்து சேரும். யார் யாரோ தங்கள் வீட்டுக் கருவியை ஓடவிட்டு, ஊர் உலகத்துக்கே சும்மா கொடுத்திருக்கிறார்கள். நினைத்தால் மனசு நிறைகிறது.

பதினோரு மணிக்கு மேல் முதல் முழக்கம் கேட்டது. வெளியே நின்றவர்கள் எல்லோரும் அவரவர் காருக்குள் போனார்கள். திடீரென்று கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஒரு அடி அடித்தது. பகலெல்லாம் உடம்பில் ஒட்டியிருந்த பிசுபிசுப்பு ஒரே நொடியில் போனது. மேகத்தின் அடிவயிறு முழுக்கக் கொடி மின்னல். கீழே இறங்காமல், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் கிளை விட்டுக்கொண்டே ஓடியது. ஓடி முடிய இரண்டு மூன்று நொடி ஆனது, அவ்வளவு நீளம். சின்ன வயதில் இடிக்கு "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று பாட்டி மடியில் முகம் புதைப்போமே, எனக்கு வாயில் அதுதான் வந்தது. பெரியவர் மனைவி என்ன சொல்கிறாய் என்று கேட்டு, அவரும் அதைச் சொல்லிப் பழகிக்கொண்டார்.

அப்புறம் மழை. கார்க் கூரையில் கல் எறிகிற மாதிரி ஆலங்கட்டி, முன்கண்ணாடித் துடைப்பான் ஓடியும் எதிரே ஒன்றும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம். மறுநாள் கடையில் ஒரு பாட்டி மாத்திரை வாங்க வந்தார். ஊருக்கு வடக்கே ஏழெட்டு மைல் தள்ளி வீடு. "எங்கள் பக்கம் செடிக்கு ஒரு சொட்டுகூட இல்லை" என்றார்.

அண்ணா, உங்கள் கேள்விக்குப் பதில் அந்தப் பாட்டிதான். இடிமழைக்கான நிலைமை உருவாகிறது என்பதைச் சில நாள் முன்பே சொல்லிவிடுகிறார்கள். முந்தின நாள் மெட் ஆபீஸ் மஞ்சள் எச்சரிக்கை போடும், நிலைமை மோசமானால் ஆம்பர், அதாவது செம்மஞ்சள். அதில் தெளிவாகவே எழுதியிருக்கும்: இந்தப் பரப்பில் பல இடங்களில் மழையே இல்லாமலும் போகலாம், பெய்கிற இடத்தில் வெள்ளம் வரலாம் என்று. எந்த ஊர் என்பது மேகம் எழுந்த பிறகுதான், அரைமணி, ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தெரியும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1975 ஆகஸ்ட் 14 அன்று லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் மட்டும் இரண்டரை மணி நேரத்தில் 170 மி.மீ. கொட்டியது. 2004 ஆகஸ்ட் 16 அன்று கார்ன்வாலில் போஸ்காசில் என்ற சின்ன ஊரில் கடற்கரையோரம் காற்று வந்து மோதிய கோட்டில் மேகம் மேல் மேகமாக முளைத்து, ஆறு பொங்கி, கார்களைக் கடலுக்கு அடித்துப் போனது. ஹெலிகாப்டரில் சுமார் நூறு பேரைத் தூக்கினார்கள், ஒரு உயிரும் போகவில்லை. அன்று சில மைல் தள்ளியிருந்த மழைமானிகள் சிலவற்றில் 3 மி.மீ.கூட இல்லை. இதற்குத்தான் நான் ரேடாரையும் பார்க்கிறேன், வானத்தையும் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் நம்பினால் பாதிதான் தெரியும்.

இப்போது நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். இந்த நாட்டில் மின்னல் தாக்கிச் சாகிறவர்கள் வருஷத்துக்குச் சராசரியாக இரண்டு பேர். நம் நாட்டில் 2,000-க்கும் மேல், அதில் வயலில் நிற்கிறவர்கள்தான் நிறைய. புனே வானிலை ஆய்வு நிறுவனத்தார் தாமினி என்று ஒரு செயலி வெளியிட்டிருக்கிறார்கள். நீங்கள் நிற்கிற இடத்துக்குச் சுற்றுவட்டத்தில் மின்னல் அடித்தால் காட்டும், பணம் கிடையாது. பெரியவனிடம் சொல்லி உங்கள் போனிலும், களையெடுக்க வருகிறவர்களில் போன் வைத்திருக்கிறவர்கள் எல்லோருடைய போனிலும் போட்டுவிடுங்கள். டவர் கிடைக்காவிட்டால் எண்ணிக்கை இருக்கவே இருக்கிறது: மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ண முடியவில்லை என்றால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அப்போது அந்தத் தனி வேப்பமரத்தடிக்கு யாரையும் ஓட விடாதீர்கள். காங்கிரீட் போட்ட மோட்டார் ரூமுக்குள் போங்கள், உள்ளே ஸ்டார்ட்டரையும் பைப்பையும் தொடாமல் நில்லுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி கழித்துத்தான் வெளியே வர வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஆவணி, புரட்டாசியில் வருகிற சாயங்கால இடிக்குத்தான் எனக்குப் பயம் அதிகம்.

விதைப்புக்கு இந்தத் தடவை மக்காச்சோளமா, உளுந்தா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மதினியிடம் எள்ளுப்பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடட்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி